காலி வயிற்றோடு கிரேன் ஏறியவன்

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. டவர் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நடமாடும் ஜனங்களை எல்லாம் முறைத்துக்கொண்டே இருப்பான் என்பதால் பருந்து என்று வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டான்.

கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவனுக்கு வழி சொல்கிறவன் அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி. கூண்டிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் தெரிந்துவிடாது. கட்டிடத்துக்குப் பின்னால் கொக்கி இறங்கும்போது கீழே இருப்பவனின் குரல்தான் ஆப்பரேட்டருக்குக் கண். அந்தக் குரலுக்கு ஓய்வே கிடையாது. அதனால் மச்சானுக்கு வாய் என்று பெயர். மேலே பருந்து, கீழே வாய். சொந்தக்காரர்கள், ஒத்துப்போவார்கள் என்று நினைத்து இந்த இரண்டு பேரையும் ஒரே கிரேனில் போட்டது கம்பெனி.

“இடது மாமா, இடது. எழுதுற கை இல்ல, மத்த கை.”

“எனக்குத் தெரியும்டா.”

“தெரிஞ்சவர் ஏன் கம்பிக்கட்டைக் கொண்டுபோய்க் கழிப்பறை கூரை மேல வைக்கிறீங்க?”

அந்தச் சானலில் ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி, கான்கிரீட் ஆட்கள், இன்ஜினியர் எல்லோர் இடுப்பிலும் ஒரு வாக்கி-டாக்கி. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சிரிப்பார். பருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிக்கட்டைத் திரும்பத் தூக்குவான்.

நோய் வந்தது கூண்டுக்குப் போன பிறகுதான். முதலில் வலது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. பிறகு ஓயாத வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போடும் அளவுக்கு மெலிவு. பல டாக்டர்கள் பல பெயர் சொன்ன பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் குடல் டாக்டர் அம்மா ஒருவர் குரோன்ஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலை எதிரி என்று நினைத்து அடிக்கிற வியாதி என்று விளக்கினார்.

“காவல்காரனுக்கே புத்தி கெட்டுப்போச்சா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.”

“எங்க சைட்லயும் அப்படி ஒருத்தன் இருக்கான்,” என்றான் பருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தன் தம்பியைத்தான் சொல்கிறான் என்று புரிந்துகொண்டு அவன் தொடையைக் கிள்ளினாள்.

வேலை இடத்தில் அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. டவர் கிரேன்காரன் காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவான். நடுவில் இறங்கி ஏறினால் கீழே எல்லா வேலையும் நின்றுவிடும். சிறுநீருக்கு எல்லா ஆப்பரேட்டரும் கூண்டில் ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். பாட்டிலால் தீராத விஷயம்தான் பருந்துக்கு வந்திருந்தது. அது தெரிந்தால் மறுநாளே வேறு ஒருத்தன் அந்த நாற்காலியில் இருப்பான். எனவே அவன் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். சாப்பிடாமல் ஏறுவது. காலையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, மேலே போனதும் பசியை அடக்க சிகரெட், இறங்கும்வரை வேறெதுவும் கிடையாது. குடல் காலியாக இருந்தால் கீழே ஓட வேண்டிய அவசியம் ஏது? மாலையில் வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொறிப்பான். அதற்குப் பிறகு கழிப்பறைக் கதவு சாத்துகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு மனைவி படுத்திருப்பாள்.

அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். உடைந்த பிஸ்கட்டை ஒரே பார்வையில் பொறுக்கி எறிகிற கண். அந்தக் கண்ணுக்கு இவன் எத்தனை நாள் தப்ப முடியும்?

“ஏங்க, டப்பாவுல போட்டது போட்டபடி திரும்பி வருது.”

“மேல பறவை எதுவும் வரலை. வந்தா போட்டிருப்பேன்.”

“டாக்டர்கிட்ட சொல்றேன்.”

“சொல்லிப் பாரு.”

குடல் டாக்டர் ஆரம்பித்த மருந்து, எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டுகிற பயாலஜிக் வகை ஊசி. எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து ட்ரிப்ஸில் ஏற்றுவார்கள். முதல் வருஷம் அது நன்றாகவே வேலை செய்தது. பருந்துகூட ஒப்புக்கொண்ட உண்மை அது. பெல்ட் ஓட்டைகள் பின்னோக்கிப் போயின. ஒருநாள் மனைவி கேட்காமலே அவளுக்கு ஒரு செருப்பு வாங்கிவந்தான். அளவு சரியில்லை, அதற்கும் அவளையே திட்டினான்.

இரண்டாம் வருஷம் மருந்து நழுவத் தொடங்கியது. அடுத்த ஊசிக்குச் சில நாள் முன்னால் வலி எட்டிப் பார்க்கும். பிறகு சில வாரம் முன்னால். பிறகு ஊசி போட்டு வந்த மறுநாளே. ஆரம்ப காலத்தில் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையின் அட்டை ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டான். அது தீர்ந்ததும் மருந்துக்கடைக்காரன் சீட்டே கேட்காமல் இன்னொன்று கொடுத்தான். மாத்திரை ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம். “எத்தனை தடவை போறீங்க?” என்று டாக்டர் கேட்டால் கூண்டில் இருக்கும் நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு “ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு” என்பான். அது முழுப் பொய்யும் இல்லை என்று தனக்குள் சமாதானம் வேறு.

ஆனால் எடை மெஷினுக்குச் சமாதானம் சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் சத்து குறைந்திருந்தது, மலப் பரிசோதனையில் அழற்சி எகிறிக் கிடந்தது. டாக்டர் ரிப்போர்ட்டையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒண்ணு ரெண்டு தடவைதான் போறேன்னு சொல்றீங்க. இந்தப் பேப்பர் வேற ஆளைப் பத்திப் பேசுதே?”

“மெஷினு கோளாறா இருக்கும்.”

“இவர் சாப்பிடுறதே இல்லை டாக்டர்,” என்றாள் மனைவி. அடைத்துவைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. பட்டினி, சிகரெட், மருந்துக்கடை மாத்திரை, ராத்திரிக் கதவுச் சத்தம். பருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லி முடித்த பிறகு, “போதுமா? திருப்தியா?” என்று மட்டும் கேட்டான்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. படித்தவர்களின் கோபம், குரல் ஏறாமல் வரும். “இத்தனை மாசமா நீங்க என்கிட்ட உங்க நோயைச் சொல்லலை. உங்க ஷிஃப்டைச் சொல்லியிருக்கீங்க. அதை வெச்சு நான் மருந்து பலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

அடுத்த ட்ரிப்ஸுக்குச் சற்று முன்பாக ரத்தம் எடுத்து, உடம்பில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். மருந்து ஒருவருக்குப் பலிக்காமல் போவதில் பல வகை உண்டாம். சிலர் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அவர்களுக்கு அளவைக் கூட்டினாலோ இடைவெளியைக் குறைத்தாலோ போதும். சிலர் உடம்பு மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கித் துரத்திவிடும். அவர்களுக்கு அதே குடும்பத்தில் வேறு மருந்து, அல்லது கூடவே ஒரு துணை மாத்திரை. பருந்தின் ரத்தத்தில் மருந்து வேண்டிய அளவு இருந்தது. எதிர்ப்பொருளும் இல்லை.

“அப்ப நல்லதுதானே?” என்றான்.

“இல்லை. மருந்துங்கிற ஆள் டாண்ணு வேலைக்கு வந்திருக்கான். ஆனா அங்க அவனால ஆகுற வேலை இல்லை. உங்க குடல்ல அழற்சி வேற வழியில வருது. இதையே இன்னும் ஊத்தினா வீண்.”

“வேற என்ன வெச்சிருக்கீங்க?”

வேறு இருந்தது. அழற்சி நுழைகிற வேறொரு வாசலை அடைக்கிற ஊசிகள். எதிர்ப்பு அணுக்கள் குடலுக்குள்ளே நுழையாமல் மட்டும் தடுக்கிற ஒன்று. சாது, ஆனால் மெதுவாகத்தான் வேலை காட்டும். மாத்திரையாக விழுங்குகிற புது வகை ஒன்று. சட்டென்று பிடிக்கும், ஆனால் தொற்றும் ரத்தக்கட்டும் வரலாம், புகைப்பவர்களுக்கு அந்தப் பயம் கூடுதல். பருந்து பாதியிலேயே கையை நீட்டினான். “அந்த மாத்திரை. அதைக் கொடுங்க.”

“இது ஹோட்டல் இல்லை, கை நீட்டினதைக் கொண்டுவந்து வைக்க. முதல்ல ஸ்கேன்.”

ஸ்கேன் படத்தில் சிறுகுடல் முடிகிற இடம் உள்ளங்கை நீளத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அதற்கு மேலே குடல் உப்பி நின்றது. சுருக்கத்தில் பாதி வீக்கம், பாதி தழும்பு. வீக்கத்தை மருந்து இறக்கும். தழும்பை எந்த ஊசியும் மாத்திரையும் கரைக்காது என்றார் டாக்டர். சின்னச் சுருக்கமாக இருந்தால் குழாய் விட்டுப் பலூனை ஊதி அகலப்படுத்திப் பார்க்கலாம். இது நீளம். அவர் சர்ஜனை அழைத்தார்.

சர்ஜன் வாட்டசாட்டமான ஆள், எதற்கும் உவமை சொல்கிறவர். “இப்ப வீட்டுல ஒரு குழாய் அடைச்சிருக்குன்னு வெச்சுக்கங்க…”

“குழாய்னா பிளம்பரைக் கூப்பிட்டிருப்பேன். விஷயத்தைச் சொல்லுங்க.”

சர்ஜன் முகம் சிவந்தார். விஷயத்தைச் சொன்னார். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துவிடலாம். அதற்கு முன்னால் சில வாரம் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், திட உணவு இல்லாமல் டின்னில் வருகிற சத்துப் பானத்தை மட்டும் குடித்து உடம்பைத் தேற்ற வேண்டும். வெட்டிய பிறகு நோய் இணைப்பில் திரும்பி வராமல் இருக்கப் புது வகை ஊசி. உடம்பு தேறாமல் வெட்டினால் முனைகளைச் சேர்க்கும் தைரியம் வராது. வயிற்றில் துளை போட்டு, மலம் அதன் வழியாக வந்து சேரக் கொஞ்ச காலத்துக்குப் பை மாட்ட வேண்டி வரும்.

“பையா?”

“கொஞ்ச காலத்துக்கு.”

“பையைக் கட்டிக்கிட்டு ஏணியில ஏறச் சொல்றீங்களா?”

“ஏணியை விட உயிர் பெரிசில்லையா?”

“அதை நீங்க சொல்லலாம். உங்க நாற்காலிக்கு யாரும் வரிசையில நிக்கலை.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் லீவு, லீவுக்குக் காரணம் கேட்பார்கள், காரணம் தெரிந்தால் கம்பெனி டாக்டர் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார். பதினெட்டு வருஷமாகத் தரையில் நிற்காமல் சம்பாதித்தவன். தரையில் அவனுக்கு என்ன வேலை தெரியும்?

“செத்துப்போனா மட்டும் நாற்காலி இருக்குமா?” என்றாள் அவள்.

“உன் தம்பிகிட்ட சொன்னியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வாக்கி-டாக்கியில் புதுக் கேள்வி ஒன்று முளைத்தது. “மாமா, மேல வானிலை எப்படி?” கேட்டவர்கள் காற்றைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். பருந்துக்கு மட்டும் காது எரிந்தது.

“உன் வேலையைப் பாரு.”

“இதுவும் என் வேலைதான் மாமா. மேல புயல்னா கீழ இருக்கிறவன் தலைதானே போகும்.”

சத்துப் பான டின்கள் வீட்டு அலமாரியில் அப்படியே இருந்தன. வாயில் வைத்தால் சாக்பீஸ் கரைத்த மாதிரி இருக்கிறது என்று முதல் நாளே தள்ளிவைத்தான். ஸ்டீராய்டைக் குறைத்தால் வலி கூடியது, எனவே குறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கிய நாளில் சைட்டில் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டியிருந்தது. அவன் ஏணியைத் தேர்ந்தெடுத்தான். மனைவி ஆஸ்பத்திரியில் துணிமணிப் பையோடு உட்கார்ந்து, வருவான் வருவான் என்று காத்திருந்து, கடைசியில் தம்பிக்குப் போன் போட்டாள்.

கான்கிரீட் நாள் என்றால் கிரேனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கலவை லாரிகள் வரிசையாக நிற்கும். பெரிய பக்கெட்டில் கலவையை நிரப்பி, தூக்கி, தளத்தின் மேல் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, காலிப் பக்கெட்டோடு திரும்ப வேண்டும். தாமதமானால் லாரிக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். பக்கெட் போகிற பாதைக்குக் கீழே கம்பி கட்டுகிற ஆட்கள் குனிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாதையைக் காலி செய்யாமல் வேலை வாங்குவது தப்பு. அன்றைக்கு எல்லோருக்கும் அவசரம்.

வெயில் ஏறும் நேரத்தில் வலி வந்தது. வழக்கமான பிடிப்பு இல்லை. உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி முறுக்கி முறுக்கி வந்தது. வயிறு கல்லாக உப்பியிருந்தது. பாட்டிலை எடுத்து அதில் வாந்தி எடுத்தான். பச்சையாக இருந்தது. காலி வயிற்றில் இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டான். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கெட்டைத் தூக்கினான்.

பக்கெட் நடுவானில் இருக்கும்போது அடுத்த முறுக்கு வந்தது. உடம்பு மடங்கியது. லீவரில் இருந்த கை தானாக இழுத்தது. நிறை பக்கெட் ஒரு பக்கம் வீசி, கம்பிக்காரர்களின் தலைக்கு மேலே ஊசல் மாதிரி போய்வந்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவன் மட்டும் பார்த்துவிட்டான்.

“நிறுத்து,” என்றது வாக்கி-டாக்கி.

அவன் பக்கெட்டை நிலைக்குக் கொண்டுவந்தான். “ஒண்ணுமில்ல. காத்து.”

“காத்து இல்ல. நிறுத்து.”

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்பதை எல்லாம் சிக்னல் சொல்பவன் மட்டும்தான் சொல்லலாம். நிறுத்து என்பதைத் தரையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கூட்டுகிறவர்கூட. சொன்னால் ஆப்பரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தை மீறாதவன் என்பதுதான் பருந்துக்கு இருந்த ஒரே கௌரவம்.

“என்னய்யா நடக்குது?” இன்ஜினியர் சானலில் புகுந்தார். “லாரி மூணு நிக்குது. கலவை இறுகுது.”

“பக்கெட்டை இறக்கிட்டு ஆள் இறங்கட்டும் சார்,” என்றான் வாய்.

“அவன் பேச்சைக் கேக்காதீங்க சார்,” என்றான் பருந்து. “குடும்பத் தகராறை இங்க கொண்டுவர்றான்.”

“குடும்பத் தகராறா? மாமா, இன்னைக்கு உங்களுக்கு ஆபரேஷன். என் அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அழுதுட்டிருக்கு. குடல் அடைச்சிருக்குன்னு டாக்டர் சொல்லி மாசமாச்சு. சோறு தின்னாம, மாத்திரையைத் தின்னுட்டு மேல உக்காந்திருக்கீங்க. இப்ப பக்கெட்டை எங்க தலை மேல ஆட்டுறீங்க.”

இந்த முறை சானலில் யாரும் சிரிக்கவில்லை.

“பொய் சொல்றான்,” என்றான் பருந்து. குரல் பாதியில் உடைந்து, கடைசி எழுத்தில் வாந்தியாக மாறியது. அதுவும் எல்லோர் இடுப்பிலும் கேட்டது.

மேஸ்திரி தன் ஆட்களைக் கத்தி விலக்கினார். வாய் வழி சொன்னான். கிண்டல் எதுவும் கலக்காமல், ஒரே சீராக. பக்கெட் லாரிப் பக்கம் இறங்கியது. பிறகு கேட்டான், “இறங்க முடியுமா மாமா? ஆள் அனுப்பவா?”

“வந்து உன் பல்லைப் பேத்துடுறேன்,” என்று பருந்து இறங்க ஆரம்பித்தான். ஏணியின் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். கீழே வந்தபோது பல்லைப் பெயர்க்கும் நிலையில் இல்லை. மச்சான் மேலேயே சாய்ந்தான். சாய்ந்த நிலையிலும் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, “எல்லார் முன்னாலயும் சொல்லிட்டியேடா,” என்றான்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்தார்கள். கையில் ட்ரிப்ஸ், வாய்க்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சில நாளில் வயிறு தளர்ந்தது, வலி இறங்கியது. இறங்கியதுதான் ஆபத்து. பருந்துக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

“அடைப்பு வழி விட்டுடுச்சுல்ல? அப்ப அந்தப் புது மருந்தைக் கொடுத்து அனுப்புங்க.”

குடல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கொடுக்கலாம். கூடாதுன்னு நான் சொன்னா அது பொய். வீக்கம் இறங்கி, தழும்பு இருந்தும் சமாளிக்கிறவங்க இருக்காங்க. உங்க ஸ்கேனைப் பார்த்தா அப்படி ஆகும்னு எனக்குத் தோணலை. மறுபடி அடைக்கும். இல்லன்னா மேல உப்பியிருக்கிற இடம் கிழியும். கிழிஞ்சா அவசரத்துல வெட்டணும். அப்ப மருந்து, பை, சேர்க்கிறது, சேர்க்காததுன்னு உங்களைக் கேக்க யாருக்கும் நேரம் இருக்காது.”

“எப்ப கிழியும்?”

“தெரியாது.”

“மேல இருக்கும்போது கிழிஞ்சா?”

அது அவன் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. அன்றைக்கு லீவரில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தான். தன் வலி, தன் வயிறு, அடுத்தவனுக்கு என்ன? ஆனால் அன்றைக்கு அந்தக் கை அவனைக் கேட்காமல் இழுத்தது. கீழே குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தன. இதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. பார்த்தவன் ஒருவன்தான், அவனோடு பேச்சில்லை.

“அந்தப் பிளம்பரை வரச் சொல்லுங்க,” என்றான் கடைசியில்.

சர்ஜன் வந்தார். இந்த முறை உவமை எதுவும் இல்லை. பை இல்லாமல் முடிக்கப் பார்க்கிறேன், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். “உறுதி சொன்னா நம்பியிருக்க மாட்டேன்,” என்று கையெழுத்துப் போட்டான் பருந்து. மூக்குக் குழாய் வழியாகவே பால் மாதிரி சத்துத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட்டு, சில நாள் தேற்றிப் பார்த்தார்கள். வருஷக்கணக்கான பட்டினி அதற்குள் எங்கே தேறும்?

கண் விழித்தபோது வயிற்றின் வலப்பக்கம் பை இருந்தது.

“சேர்த்துத் தைச்சா பிச்சுக்கும்னு பயந்தேன்,” என்றார் சர்ஜன். “திசுவுல பலமே இல்லை. ஸ்டீராய்டு வேற. உடம்பு தேறட்டும். மறுபடி திறந்து சேர்க்கலாம்.”

“பலம் இல்லாம போனது என் தப்புன்னு சொல்றீங்க.”

“ஆமா,” என்றார் சர்ஜன். போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவனிடம் மழுப்பாமல் பேசிய முதல் ஆள் என்பதால் அவரை மட்டும் அதற்குப் பிறகு அவன் திட்டவில்லை.

பையை மாற்றக் கற்றுக்கொடுக்க வந்த நர்ஸிடம் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் நாள் மனைவி கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது பை கசிந்தது. வேறு வழியில்லாமல் தானே செய்தான். பையை வயிற்றில் ஒட்டும் வளையத்தை அளவு பார்த்து வெட்டுகிற வேலை கையில் பிசகாமல் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

புண் ஆறியதும் குடல் டாக்டர் புது வகை ஊசியைத் தொடங்கினார். மாத்திரை இல்லை, இவ்வளவு புகைத்த உடம்புக்கு ரத்தக்கட்டு அபாயத்தை இப்போது சேர்க்க விரும்பவில்லை.

“இதுவும் கைவிட்டா?”

“அடுத்தது இருக்கு. அதுவும் கைவிட்டா இன்னொண்ணு. ஆனா நீங்க உள்ளதைச் சொன்னாத்தான் எது கைவிட்டதுன்னே எனக்குத் தெரியும். அடுத்த வருஷத்துக்குள்ள உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பேன். அப்ப பொய் சொல்ல வழியில்லை.”

“உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்.”

“ரொம்ப,” என்றார் டாக்டர்.

கம்பெனி நாற்காலிக்கு வேறு ஆள் போட்டுவிட்டது. பை எடுத்து, உடம்பு தேறி, கம்பெனி டாக்டர் சோதித்துத் தகுதி என்று எழுதினால் அப்போது பார்க்கலாம் என்று போனில் சொன்னார்கள். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தான். மனைவி கதவைத் திறந்து, பேசிவிட்டு வா என்று கண்ணைக் காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வாய் கட்டிலுக்கு எதிரே நின்றான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“எப்படி இருக்கீங்க மாமா?”

பருந்து போர்வையை இழுத்துப் பையை மூடிக்கொண்டான்.

“புது ஆள் ஒண்ணுக்கும் லாயக்கில்ல. வலதுன்னா இடது போறான். அன்னைக்கு நான் நிறுத்தலைன்னா…”

“தெரியும்டா,” என்றான் பருந்து. “நிறுத்தினது சரி. யார் நிறுத்தியிருந்தாலும் சரி.”

“அப்புறம் என்ன கோபம்?”

“நிறுத்துன்னு சொன்னே, நின்னுட்டேன். அதோட விட்டிருக்கலாம்ல? எதுக்குடா குடலையெல்லாம் உருவி எல்லார் காதுலயும் மாட்டினே? அவ்வளவு அக்கறைன்னா ஏணி ஏறி வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும். எத்தனை வருஷமா என் கீழ நிக்கிற? ஒரு தடவையாவது மேல வந்திருக்கியா?”

வாய் தரையைப் பார்த்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான். அக்கா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எனக்கு உயரம்னா பயம் மாமா. மூணாவது மாடி பால்கனியில நின்னாலே கால் நடுங்கும்.”

பருந்து அவனை முறைத்தான். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் தையல் சுரீர் என்று இழுத்தது. பை மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, “அம்மா” என்று முனகி, கண்ணில் தண்ணீர் வர, “சிரிக்க வெச்சுக் கொல்லப் பாக்கிறியாடா, போடா வெளிய,” என்று, வலி அடங்கும்வரை மச்சானையும் அவன் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தான். சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி, அது தன் பரம்பரையும்தான் என்று சண்டைக்கு நின்றாள்.